1298 சிசி எஞ்சினை 0.50 போர் போட்டால் எந்தப் பிரிவில் ஓடுவது? எடைக் கணக்கும் குழப்புகிறது

நாற்பத்தேழாம்_நம்பர் எழுதியது:

வணக்கம். எனக்கு இது இரண்டாவது சீசன். கார் பழைய சுசுகி எஸ்டீம், ஜி13பிபி எஞ்சின், 16 வால்வு. போன பந்தயத்தின் கடைசி இரண்டு சுற்றில் கார் இழுக்கவே இல்லை. வந்து பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் விழுந்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றினேன். சுவரில் மேலிருந்து கீழாக இரண்டு கோடுகள். விரல் நகத்தைக் குறுக்கே இழுத்தால் மாட்டுகிறது. ஹோனிங் (சுவரை இலேசாக உரசி மெருகேற்றுவது) பண்ணித் தப்பிக்கிற ஆழம் இல்லை. லேத்காரர் பார்த்துவிட்டு, "நாலிலும் 0.50 போட்டுவிடலாம், பிஸ்டன் ரெடியாகக் கிடைக்கும், நாளைக்கே கொண்டுவா" என்கிறார். அதாவது நாலு சிலிண்டரின் உள்விட்டத்தையும் (போர்) அரை மில்லிமீட்டர் கடைந்து பெரிதாக்குவது.

நான்தான் தயங்கிக்கொண்டிருக்கிறேன். எங்கள் விதிப்புத்தகத்தில் எனக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. 1300 சிசி வரை ஒன்று, அதற்குக் குறைந்தபட்ச எடை 830 கிலோ. 1300-க்கு மேல் 1600 வரை இன்னொன்று, அதற்கு 930. இரண்டுக்குமே "பந்தயம் முடிந்த நிலையில், ஓட்டுநருடன்" என்று போட்டிருக்கிறது. இதுவரை சின்ன பிரிவில்தான் ஓடினேன்.

என் கார் நான் இல்லாமல் 752 கிலோ, அதுவும் டேங்கில் மூன்று லிட்டர்தான் இருந்தபோது. சூட், ஷூ, ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு நான் 91. ஆக 843. அதாவது தேவைக்கு மேல் 13 கிலோவை ஒவ்வொரு சுற்றும் சும்மா சுமக்கிறேன். பெரும்பாலும் என் வயிற்றில்.

கேள்விகள் இவைதான். 0.50 போட்டால் நான் 1300-ஐத் தாண்டுகிறேனா? "கம்பெனிப் புத்தகத்தில் 1298 என்றுதானே இருக்கிறது, யார் அளக்கப் போகிறார்கள்" என்கிறான் நண்பன். தாண்டினால் பெரிய பிரிவுக்குப் போய் 87 கிலோ ஈயம் ஏற்றி ஓட்டுவதில் அர்த்தம் இருக்கிறதா? இல்லை, போவது போகிறோம் என்று 1590 சிசி எஞ்சினையே தூக்கி வைத்துவிடலாமா?


ஆயில்_கை எழுதியது:

தாண்டும். கணக்கு சுலபம். போரை சென்டிமீட்டரில் எடு, அதை அதனாலேயே பெருக்கு, 0.7854-ஆல் பெருக்கு, ஸ்ட்ரோக்கால் (பிஸ்டன் மேலும் கீழும் நடக்கிற தூரம், அதுவும் சென்டிமீட்டரில்) பெருக்கு, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கு.

உன் எஞ்சின் 74 × 75.5 மில்லிமீட்டர். வருவது 1298.9. 0.50 போட்டால் 74.5, அது 1316.5. சரி, 0.25 போதும் என்று வைத்துக்கொண்டாலும் 1307.6. இரண்டுமே வெளியே.

"கெட்டது மூன்றாவது மட்டும்தானே, அதில் மட்டும் 0.50 போடலாமே" என்று அடுத்து கேட்பாய். எல்லாரும் கேட்கிறார்கள். அப்படிப் போட்டாலும் 1303.

லைனர் போடு, அதாவது சிலிண்டரின் உள்சுவராக நிற்கிற குழாய். ஜி13 பிளாக் அலுமினியம், உள்ளே வார்ப்பிரும்பு லைனரைப் பதித்து வார்த்தது. மூன்றாவதைக் கடைந்தெடுத்து, புது லைனரை இறுக்கமாக இறக்கி, மேல்முகத்தை மட்டப்படுத்தி, 74.00-க்கு முடிக்க வேண்டும். ஹோன் பண்ணும்போது ஹெட் இருக்கும் இடத்தில் தடித்த தகடு ஒன்றை போல்ட் பூட்டி இறுக்கிவிட்டுச் செய்யச் சொல். இல்லாவிட்டால் ஹெட் ஏறியதும் வட்டம் கோணிக்கொள்ளும். உன் லேத்காரர் "அதெல்லாம் தேவையில்லை" என்றால் வேறு லேத் பார்.

1590 எஞ்சினைப் பற்றி: அது ஜி16பி, 75 × 90. ஓட்டி ஓட்டித் தேய்ந்து அதற்கும் ஒரு நாள் 0.25 போட்டாய் என்றால் 1601 சிசி. ஒரே ஒரு சிசி. அழுவாய்.


பழைய_தராசு எழுதியது:

தம்பி, பதினாறு வருஷம் பந்தயங்களில் ஸ்க்ரூட்டினியராக (கார் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையாளர்) இருந்தவன் நான். உன் நண்பன் கேட்ட "யார் அளக்கப் போகிறார்கள்" என்பதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் யாரும் அளக்க மாட்டார்கள், உண்மைதான். பத்தாவதாக வருகிறவன் எஞ்சினை எவன் பிரிப்பான்? நீ மேடை ஏறுகிற அன்றைக்குத்தான் பிரிப்பார்கள். இல்லையென்றால் நான்காவதாக வந்தவன் எழுத்தில் புகார் கொடுத்துப் பணம் கட்டுவான். ஹெட்டைக் கழற்றி, போர் கேஜை உள்ளே விட்டு, டயல் கேஜை வைத்து பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டி ஸ்ட்ரோக்கைப் பிடிப்போம். ஹெட்டைக் கழற்றாமல் பிளக் துளை வழியாக அளக்கும் கருவியும் உண்டு. ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரமும் அந்தப் பையன் பக்கத்தில் கை கட்டி நிற்பான் பார், அதைப் பார்க்கிறதுதான் கஷ்டம்.

ஆயில்_கை சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள். உன் எஞ்சினில் 1300-க்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போர் 74.03 வரை போகலாம். நூறில் மூன்று பங்கு மில்லிமீட்டர். உன் தலைமயிர் ஒன்றின் தடிமன் அதைவிட அதிகம். ஆக நன்றாகத் தேய்ந்த சிலிண்டரே, மேல் ரிங் நின்று திரும்புகிற இடத்தில் அளந்தால், 1300-ஐத் தாண்டிக் காட்டலாம். நான் எப்போதும் ரிங் போகாத அடிப்பகுதியில் அளந்துதான் கணக்கு எழுதுவேன். மற்றவர்களும் அப்படித்தான் அளப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்காதே. உன் விதிப்புத்தகத்தில் தேய்மானத்துக்குச் சலுகை இருக்கிறதா என்று படித்துப் பார், இல்லையென்றால் அமைப்பாளர்களுக்கு இப்போதே எழுதிக் கேட்டு பதிலை வாங்கி வை. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் குரூப் ஏ பிரிவு விதியில் 0.6 மில்லிமீட்டர் வரை போர் ஏற்றலாம் என்று ஒரு வரி உண்டு. அதைக் காட்டி வாதாட வருவார்கள். அதே வரியின் பின்பாதியில், அதனால் பிரிவின் சிசி வரம்பைத் தாண்டக்கூடாது என்றும் இருக்கிறது. பின்பாதியைப் படிக்காமல் வந்தவர்கள் என் காலத்தில் நிறைய பேர்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஹெட்டைத் தட்டினால், அதாவது அதன் அடிமுகத்தைக் கொஞ்சம் சீவினால், சிசி கூடும் குறையும் என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். சிசி என்பது பிஸ்டன் நடக்கிற தூரத்தின் கொள்ளளவு மட்டும். ஹெட்டைத் தட்டினால் கம்ப்ரஷன் மாறும், சிசி மாறாது.

இப்போது பெரிய பிரிவுக்குப் போவது. 0.50 போட்டதால் உனக்குக் கிடைப்பது 1.4 சதவீதம் கொள்ளளவு. உன் எஞ்சின் நூறு குதிரை தருகிறது என்று வைத்துக்கொள்வோம், கூடக் கிடைப்பது ஒன்று, ஒன்றரை. அதற்கு விதி உன் மேல் ஏற்றுவது நூறு கிலோ. ஒரு குதிரைக்கு நூறு கிலோ தீனி! அங்கே உன்னோடு நிற்பவர்கள் எல்லாம் 1590, 1598 வைத்திருப்பவர்கள். 120, 125 குதிரை. அதே 930 கிலோ. நேர்சாலையில் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம், அவ்வளவுதான்.

பிரிவுக்குள் எப்போதும் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். 1300 பிரிவில் 1298 நல்ல இடம். 1600 பிரிவில் 1316 இருப்பதிலேயே மோசமான இடம். கார் கம்பெனிகளே இதைப் பார்த்துத்தான் எஞ்சின் செய்திருக்கின்றன. 1967-இல் ஷெவ்ரோலே தன் கமாரோவுக்கு 302 கன அங்குல எஞ்சினை ஏன் போட்டது? அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் வரம்பு 305. அதுதான் காரணம்.

எடை விஷயத்தில் உனக்கு இருக்கிற பிரச்சினை எடை கூடுதலாக இருப்பது. அதில் ஆபத்து இல்லை. எடை குறைகிறவனுக்குத்தான் ஆபத்து. அந்தக் கதை ஒன்று சொல்லவேண்டும்.

ஒரு பையன், இருபது வயது இருக்கும். இரண்டாவதாக வந்தான். அவன் முதல் கோப்பை அது. வெள்ளிக்கிழமை அவன் காரை எடை போட்டபோது 834. பிரிவு 830. சந்தோஷமாகப் போனான். அன்றைக்கு அவன் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்று அவனும் யோசிக்கவில்லை, அவனோடு இருந்தவர்களும் யோசிக்கவில்லை. பந்தயத்தில் ஒன்பது லிட்டர் எரிந்தால் கிட்டத்தட்ட ஆறே முக்கால் கிலோ. பிரேக் பேட் கொஞ்சம், டயர் கொஞ்சம், அவன் வியர்வை ஒரு கிலோ. இதெல்லாம் போக, முடிந்தபின் டயரில் ஒட்டிக்கொண்டு வந்த ரப்பர் துணுக்குகள் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தன. தராசில் ஏறினான். 829.

ஒரு கிலோ குறைவு. திரும்பப் போட்டேன். 829. மூன்றாம் முறை, காரைப் பின்னால் தள்ளி, மறுபடி ஏற்றி. 829.

அப்போதுதான் கவனித்தேன், அவன் தலையில் ஹெல்மெட் இல்லை. காரை நிறுத்தியதும் கழற்றி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணன் கையில் கொடுத்துவிட்டான். கொண்டாட்டத்தில் யாரும் தடுக்கவில்லை. அண்ணன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு இருபதடி தள்ளி நிற்கிறான். ஹெல்மெட் 1.4 கிலோ. அதை வாங்கி சீட்டில் வைத்திருந்தால் 830.4.

விதி என்ன சொல்கிறது என்றால், கோட்டைத் தாண்டியதிலிருந்து தராசு வரை வெளியாள் யாரும் காருக்கோ ஓட்டுநருக்கோ எதையும் கொடுக்கக்கூடாது. போனது போனதுதான். அண்ணன் ஹெல்மெட்டை நீட்டினான். நான் வாங்கவில்லை. படிவத்தில் 829 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த விதி இல்லாவிட்டால் எப்படி ஆகும் என்று தெரியும். 1982-இல் பிரேசில் கிராண்ட் பிரீயில் பிரேக்கைக் குளிர்விக்க என்று தண்ணீர்த் தொட்டி வைத்து, பந்தயத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இலேசாக ஓடி, முடிந்தபின் நிரப்பி எடைக்கு நின்றார்கள். பிக்கே, ரோஸ்பெர்க், முதல் இரண்டு பேருமே தகுதி நீக்கம். 1984-இல் டிரெல் அணியின் தொட்டித் தண்ணீரில் ஈயக் குண்டுகள் இருந்தன, அந்த சீசனின் புள்ளிகள் முழுவதும் போயின. அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள், இந்தப் பையன் செய்யவில்லை. அவனுக்கும் எனக்கும் அது தெரியும். தராசுக்குத் தெரியாது.

ஆகவே, நீ 843-இலிருந்து இறங்கு. ஆனால் 830-க்கு இறங்காதே. டேங்க் கிட்டத்தட்டக் காலியாக, ஓட்டுநரோடு, 834 அல்லது 835-இல் நில்.


மூணு_சிலிண்டர் எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். சிசி வைத்துப் பிரிவு பிரிப்பதே காலாவதியான வழக்கம். என்னுடையது 998 சிசி டர்போ. டர்போ காற்றைத் திணிக்கிறது என்பதற்காக, விதிப்படி சிசியை 1.7-ஆல் பெருக்கி 1697 என்று சொல்லி என்னை 1600-க்கு மேல் உள்ள பிரிவில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அங்கே 2000 சிசி கார்கள். யார் கண்டுபிடித்த 1.7 இது? சக்கரங்களைச் சுழலவிட்டுச் சக்தியை அளக்கும் ரோலரில் ஏற்றி குதிரைத்திறனை அளந்து, ஒரு குதிரைக்கு இத்தனை கிலோ என்று வைத்தால் இந்தப் பேச்சே வராதே? அமெரிக்காவில் அப்படியும் பிரிவுகள் ஓடுகின்றன.


பழைய_தராசு எழுதியது:

உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. எண் ஒரு ஒப்பந்தம்தான், இயற்கை விதி இல்லை. 1966-இல் ஃபார்முலா ஒன் விதி எழுதியபோது சாதாரண எஞ்சினுக்கு 3 லிட்டர், சூப்பர்சார்ஜருக்கு 1.5 என்று வைத்தார்கள். அதாவது பெருக்கல் 2. ராலியில், 1980-களில் குரூப் பி என்ற பிரிவு இருந்த காலத்தில் 1.4. அது போதவில்லை என்று தெரிந்தபின் 1.7 வந்தது.

1.4 இருந்த காலத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஆடி ஸ்போர்ட் குவாட்ரோ எஞ்சின் 2133 சிசி. 1.4-ஆல் பெருக்கினால் 2986, மூவாயிரத்துக்குச் சற்றுக் கீழே. அந்தப் பிரிவின் குறைந்தபட்ச எடை 960 கிலோ. லான்சியா டெல்டா எஸ்4 1759, பூஜோ 205 டி16 1775. பெருக்கினால் இரண்டும் 2500-க்குள். அவற்றுக்கு 890 கிலோ. விதியைத் தலைகீழாக வகுத்து, வந்த எண்ணுக்கு எஞ்சின் வார்த்தார்கள். 70 கிலோ மிச்சம்.

எடையால் ஒரு பந்தயமே திரும்பியதும் உண்டு. 1991 லெ மான்ஸில் மாஸ்டா 787பி, நாலு ரோட்டர் எஞ்சின், 830 கிலோ. நம் தம்பியின் பிரிவு எடையேதான்! எதிரே மெர்சிடீஸும் ஜாகுவாரும் 1000 கிலோ. மாஸ்டா ஜெயித்தது. காரும் நன்றாக இருந்தது, எடைப் பேச்சுவார்த்தைக்குப் போனவரும் நன்றாகப் பேசியிருக்கிறார்.

குதிரைத்திறன் அளப்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இன்றைய எஞ்சின் கம்ப்யூட்டரில் இரண்டு வரைபடம் (பெட்ரோல், தீப்பொறி அளவுகளின் அட்டவணை) வைத்து, ரோலரில் ஒன்று, பந்தயத்தில் ஒன்று என்று ஓட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சிசியைப் பொத்தான் அழுத்தி மாற்ற முடியாது. அதனால்தான் எனக்கு இன்னும் சிசி மேல் மரியாதை. குறைந்தபட்ச எடை மேல் அதைவிட மரியாதை. அது இல்லாவிட்டால் கார்பன் கதவு, டைட்டானியம் போல்ட், அமிலத்தில் முக்கி மெலிய வைத்த தகடு என்று காசு உள்ளவன் போய்க்கொண்டே இருப்பான். பென்ஸ்கி பந்தய அணியின் கமாரோவை 1967-இல் அப்படித்தான் அமிலத்தில் முக்கினார்கள்.

உங்கள் பிரிவில் டர்போ கார்களுக்கு மட்டும் எடையைக் குறைத்துத் தரச் சொல்லி, சுற்று நேரங்களோடு எழுதுங்கள். பெருக்கல் எண்ணை மாற்றச் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எடையை மாற்றுவது அடுத்த கூட்டத்திலேயே நடக்கலாம்.


நாற்பத்தேழாம்_நம்பர் எழுதியது:

ஐயா, ஆயில்_கை அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. ஹெல்மெட் கதையைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. லைனர் முடிவு செய்துவிட்டேன்.

மனத்தாங்கல் ஒன்று இருக்கிறது. ஓட்டுநரோடு எடை என்பது என்னைப் போன்றவனுக்கு நல்லதுதான், அது புரிகிறது. ஆனாலும் என் பிரிவில் ஓடும் ஒருவர் எல்லாம் சேர்த்து 55 கிலோ. அவருக்கும் 830, எனக்கும் 830. அப்படியானால் சமம்தானே? ஏன் திருப்பங்களில் அவர் கார் அப்படித் திரும்புகிறது?


சின்ன_ஹெல்மெட் எழுதியது:

அண்ணா, அந்த 55 கிலோ நான்தான் என்று நினைக்கிறேன். கருநீலக் கார். பின்னாலிருந்து நிறையப் பார்த்திருப்பீர்கள்.

எடை சமம், எடை இருக்கும் இடம் சமம் இல்லை. என் கார் 742. நான் 55. குறைவது 33. அந்த 33-ஐ எங்கே வைப்பது என்பது என் இஷ்டம். உங்கள் 91 கிலோ சீட்டில் உட்கார்ந்திருக்கிறது, பாதிக்கு மேல் இடுப்புக்கு மேலே. என் 33 தரையோடு தரையாகக் கிடக்கிறது.

ஈயத் தகடு மூன்று. ஒவ்வொன்றும் 27 × 18 × 2 சென்டிமீட்டர், 11 கிலோ. அடுக்கினால் ஆறு சென்டிமீட்டர் உயரம்தான், ஒரு தடித்த அகராதி அளவு. முதலில் சோம்பேறித்தனமாகப் பின்னால் ஸ்டெப்னி கிண்ணத்தில் பூட்டினேன். முன்சக்கர இழுவைக் காரில் பின்னால் 33 கிலோ தொங்கினால் என்ன ஆகும்? ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. இரண்டு முறை சுழன்றேன். அப்புறம் பக்கத்து சீட் இருந்த இடத்தில், தரையில், காரின் நடுக்கோட்டை ஒட்டிப் பூட்டினேன். நான் உட்காருவதற்கு எதிர்ப்பக்கம் என்பதால் நாலு சக்கர எடையும் கிட்டத்தட்ட ஒழுங்காக வந்துவிட்டது. அன்றைக்கே முக்கால் வினாடி குறைந்தது. பாதி அதனால், பாதி பயம் போனதால்.

மணல் மூட்டை யோசனை யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். 20 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் இருபது மடங்கு) மோதினால் 33 கிலோ அந்த நொடிக்கு 660 கிலோவாக இழுக்கும். என்னுடையதை நாலு பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட், தரைக்கு அடியில் நாலு மில்லிமீட்டர் எஃகுத் தகடு வைத்துப் பூட்டியிருக்கிறேன். போல்ட் தலையில் துளை போட்டிருக்கிறது, சோதனையாளர் கம்பி கோத்து முத்திரை வைக்க. கையால் கழற்ற முடிகிற எதுவும் எடைக் கணக்கில் வராது என்று எங்கள் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது.

உங்களுக்கு வழி: காரின் உயரத்தில் இருக்கும் எடையை முதலில் கழற்றுங்கள். கூரை உள்பூச்சு, அதன் பிசின், கதவுக் கண்ணாடி ஏற்றும் மோட்டார், பின்கண்ணாடி வைப்பர் இருந்தால் அது. சீட்டை இரண்டு சென்டிமீட்டர் தாழ்த்துங்கள். நான் முதல் வருஷம் கழற்றியதிலேயே அதிகம் எடை இருந்தது எது தெரியுமா? தரையில் ஒட்டியிருந்த தார்ப்பூச்சு. ஏழு கிலோ. இரண்டு நாள் உட்கார்ந்து சுரண்டினேன், நகம் எல்லாம் போயிற்று.


ஆயில்_கை எழுதியது:

தார்ப்பூச்சுக்கு உலர் பனிக்கட்டி போடுங்கள். பத்து நிமிஷம் வைத்துவிட்டுச் சுத்தியலால் தட்டினால் ஓடு மாதிரி உடைந்து வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கதவுகளைத் திறந்து வையுங்கள். நகத்தால் சுரண்டிய தங்கச்சிக்கு என் வணக்கம்.


நாற்பத்தேழாம்_நம்பர் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். லைனர் போட்டாயிற்று. தகடு பூட்டித்தான் ஹோன் பண்ணினார்கள், நானே பக்கத்தில் நின்றேன். நாலு சிலிண்டரும் அளந்தோம்: 74.00, 74.01, 74.00, 74.01. மூன்றாவதைத் தவிர மற்றவை பழையவை, அடிப்பகுதியில் எடுத்த அளவு. மேலே நான்காவதில் 74.02 வந்தது. அந்த எண்ணையும் தாளில் எழுதித் தேதி போட்டு வைத்திருக்கிறேன். தேய்மானச் சலுகை பற்றி அமைப்பாளர்களுக்கும் எழுதிக் கேட்டேன். தேயாத பகுதியில்தான் அளப்போம் என்று பதில் வந்தது, அச்செடுத்து காரிலேயே வைத்திருக்கிறேன்.

தார்ப்பூச்சு உலர் பனிக்கட்டியில் உடைந்தது, ஐந்தரை கிலோ. கூரையும் மோட்டார்களும் சேர்ந்து நான்கு. சீட்டை இறக்கியதில் எடை குறையவில்லை, ஆனால் ஹெல்மெட் பாதுகாப்புக் கம்பிக்கூண்டில் இடிப்பது நின்றுவிட்டது. நான் 91-இலிருந்து 90 ஆகியிருக்கிறேன், அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். மொத்தம் இப்போது 832.5, டேங்கில் அதே மூன்று லிட்டர்.

ஐயா 834 என்றீர்கள். ஒன்றரை கிலோ திரும்ப ஏற்ற வேண்டுமா?


பழைய_தராசு எழுதியது:

எந்தத் தராசில் 832.5?


நாற்பத்தேழாம்_நம்பர் எழுதியது:

நண்பனுடைய நாலு தட்டுத் தராசு. கராஜ் தரையில் வைத்துப் போட்டோம். தரை ஒரு மூலையில் கொஞ்சம் சரிவு, அட்டை வைத்துச் சமப்படுத்தினோம்.


பழைய_தராசு எழுதியது:

அட்டையா! சரி. தரையில் சலித்த மணல் பரப்பினாலும் எனக்கு அந்த எண் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை வாசல் திறந்ததும் அவர்கள் தராசில் ஏற்று. சூட், ஷூ, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு, மூன்று லிட்டரோடு. அங்கே வரும் எண்ணிலிருந்து உன் கராஜ் எண்ணைக் கழி. அந்த வித்தியாசத்தைத் தராசின் அடியிலேயே பெயின்டால் எழுதி வை, அடுத்த வருஷமும் உதவும். ஐந்து கிலோ ஈயத் தகடு ஒன்றைத் துளை போட்டு, போல்ட்டோடு தயாராக எடுத்துப் போ. போடுவதா வேண்டாமா என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.


நாற்பத்தேழாம்_நம்பர் எழுதியது:

தகடு வெட்டக் கொடுத்துவிட்டேன் ஐயா. வெள்ளிக்கிழமை மதியம் எண்ணை இங்கேயே போடுகிறேன். அண்ணனைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.